முப்பத்தெட்டு இலை

பழனி
3 பிப்ரவரி 2025

அன்பு ஜெயாவுக்கு,

உன் மதினி சண்முகசுந்தரி எழுதுகிறேன். இங்கே வீட்டில் அப்பா, உன் அண்ணன், நான், பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேரும் சுகம். நீயும் நதியாவும் எப்படி இருக்கிறீர்கள்? மலையில் இந்த மாதம் பனி கொட்டும் என்பார்கள். குட்டிக்குக் காதை மூடித் தூங்க வை.

அம்மா இறந்து பதினாறாம் நாள் முடிந்து உனக்கு எழுதியதுதான் கடைசி. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நீ கொடுத்த மகாதேவி தையல் கடை விலாசத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது எழுதச் சொன்னதே உன் அண்ணன்தான். நம்ப மாட்டாய். எனக்கும் முதலில் காதில் சரியாக விழவில்லை.

சித்திரையில் அப்பாவுக்கு எழுபது முடிகிறது. கோயிலில் பூஜை இங்கேயே நடக்கும். சாப்பாட்டை மட்டும் மே 11, ஞாயிற்றுக்கிழமை, கோடைக்கானலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் உன் அண்ணன். "இங்க வச்சா ஊரே வந்து அவ மூஞ்சியப் பாக்கும். அவ இருக்குற எடத்துக்கு நாமளே போவோம்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா நம் கடையிலிருந்து வெள்ளனே வந்து, நதியாவுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டார்.

நாற்பது பேர் வருவோம். மூன்று வயதுக் குழந்தையிலிருந்து எண்பத்திரண்டு வயதுப் பெரியத்தை வரை. பெரிய ஓட்டல் வேண்டாம். சும்மா உட்கார்ந்து பேசி, இலை போட்டுச் சாப்பிடும்படி ஒரு இடம் போதும். நீ அங்கே இருப்பதால் நீயே பார்த்து எழுது.

உன் போன் நம்பரைக் கேட்டார். தெரியாது என்றேன், உண்மையும் அதுதான். "சரி, கடுதாசி போடு. எழுதி எங்கிட்டக் குடு, நானே ஒட்டிப் போட்டுர்றேன்" என்றார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மதினி சுந்தரி


கோடைக்கானல்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நதியாவுக்கு வருகிற ஆவணியில் ஐந்து வயது. அப்பாவிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைக் கோடைக்கானல் தையல் கடை வாசலில் நின்றே நான்கு முறை படித்தேன். மகாதேவி அக்கா, "என்னடி, லாட்டரி விழுந்துருச்சா, எழவு விழுந்துருச்சா? மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வெளங்கல" என்றார். எனக்கும் விளங்கவில்லை.

நான் இருக்கும் ஊரிலிருந்து கோடைக்கானலுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஊர்ப் பெயரை எழுதவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். நேற்று போய் இரண்டு இடம் பார்த்தேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒன்று, மாடியில். இருபத்திரண்டு படி. பெரியத்தையால் ஏற முடியாது. இரண்டாவது மூஞ்சிக்கல்லில் சின்னத்தாயி மெஸ். தரைத்தளம். ஐம்பது பேர் உட்காரலாம். முன்பக்கம் கடைத்தெரு, பின்பக்கம் சமையல்கட்டு வழியாக இன்னொரு வாசல். காவல் நிலையத்துக்கு நடந்தால் நான்கு நிமிடம். சின்னத்தாயி அக்காவே அடுப்படியில் நிற்கிறார். "நாப்பது பேரா? அதுல எம்புட்டுப் பேருக்குப் பல்லு இருக்கு? அதச் சொல்லு மொதல்ல. வடைய எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியணும்ல" என்றார். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது.

அண்ணன் இந்தக் கடிதத்தைப் படிப்பார் என்று தெரிந்தே அடுத்ததை எழுதுகிறேன். 2019 செப்டம்பர் 14 அன்று அண்ணனும் மூன்று பேரும் பாச்சலூருக்கு வந்தார்கள். நாங்கள் கல்யாணம் செய்து இருபத்தாறாம் நாள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் காளீஸ்வரனுக்கு இடது முழங்கையில் கம்பி இருக்கிறது. பனிக்காலத்தில் அந்தக் கையால் ஜீப்பின் கியரைப் போட முடியாமல் குறுக்கே வலது கையைக் கொண்டுவந்து போடுகிறார். பழசைக் கிளறுவதற்காக எழுதவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

உங்களைப் பெண் பார்க்க நாங்கள் கன்னிவாடிக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. உங்கள் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா டம்ளரைத் தொடவில்லை. "பேசி முடியட்டும், அப்புறம் கை நனைப்போம்" என்றார். பேசி முடிந்ததும் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை நனைத்தால் உறவு. நனைக்காவிட்டால் மனசில் வேறு இருக்கிறது. நம் வீட்டில் அதுதானே கணக்கு? அதனால் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் உட்காரும் பந்தியில் அண்ணன் கை நனைப்பாரா?

அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயப்பிரியா


பழனி
2 மார்ச் 2025

அன்பு ஜெயா,

இங்கே யாவரும் நலம். குட்டிக்குச் சளி இல்லையே?

உன் கடிதம் வந்தது. உன் அண்ணன் கடையிலேயே பிரித்துப் படித்துவிட்டு வந்து கொடுத்தார். மாடி வேண்டவே வேண்டாம். பெரியத்தைக்கு முட்டி மடங்காது, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட மேசை வேண்டும். கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பருப்பு வடை வேண்டாம், மெது வடை போதும். சித்தப்பாவுக்குச் சர்க்கரை, ஆனால் பாயசத்தைக் கண்டால் சர்க்கரை இருப்பதை மறந்துவிடுவார். அதனால் அவர் வரிசைக்குப் பாயசம் கடைசியில் வரட்டும்.

மூஞ்சிக்கல் நெரிசலாக இருக்குமே என்கிறார் உன் அண்ணன். வில்பட்டி ரோட்டில் ஒரு தோட்டத்து ஓட்டல் இருக்கிறதாம். மரத்தடியில் மேசை போடுவார்களாம். "ஊருக்கு வெளிய, சத்தமில்லாம இருக்கும். அத அவளப் போய்ப் பாக்கச் சொல்லு" என்றார். போய்ப் பார்த்து எழுது.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது.

உன் மதினி


கோடைக்கானல்
11 மார்ச் 2025

அன்புள்ள மதினி,

நலம். நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

நான் ஒன்று கேட்டிருந்தேன். வடைக்குப் பதில் வந்தது. அதற்கு வரவில்லை.

வில்பட்டி ரோட்டுத் தோட்டத்து ஓட்டலை நேற்றுப் பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். மெயின் ரோட்டில் இறங்கி மண் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். வழியில் வீடு இல்லை. கேட் ஒன்றுதான். மூன்று பக்கம் கம்பி வேலி, பின்னால் சரிவு. போனில் சிக்னல் இல்லை. ஓட்டல்காரர் பெயர் சுவாமிநாதன், நல்ல மனிதராகத் தெரிந்தார். டீ கொடுத்தார்.

எத்தனை வாசல், சிக்னல் எதுவரை கிடைக்கும், வண்டிகள் எங்கே நிற்கும் என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "என்னம்மா, எல்லாரும் இதையே கேக்குறீங்க? போன வாரம் பழனியிலேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. மே பதினொண்ணுக்குப் பந்தின்னாங்க. எத்தன வாசல், சிக்னல் இருக்கான்னு கேட்டாங்க. அந்தச் சரிவுல எறங்குனா எங்க போகும்னு கூடக் கேட்டாங்க. சாம்பார் எப்படி இருக்கும்னு ஒருத்தரும் கேக்கல" என்றார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். திரும்பி அந்த ஒன்றரைக் கிலோமீட்டரும் நடந்து வந்தபோது பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். பால்காரர். அவர் கடந்து போய் மறைந்த பிறகுதான் நடந்தேன்.

அண்ணன் இரண்டு பேரை அனுப்பிப் பார்க்கச் சொன்னது அக்கறையாக இருக்கலாம். நாற்பது பேரை அழைத்து வருகிறவர் பார்க்கத்தானே செய்வார். ஆனால் அந்த இடம் வேண்டாம். சின்னத்தாயி மெஸ் என்றால் வருகிறோம், இல்லையென்றால் இல்லை. நான் எழுதும் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவருக்குத் தெரியுமா?

ஜெயப்பிரியா


பழனி
9 ஏப்ரல் 2025

அன்பு ஜெயா,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மச்சுப் படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது, பேனா பிடிக்க முடியவில்லை. இப்போது பரவாயில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். மற்ற எல்லோரும் சுகம்.

சின்னத்தாயி மெஸ்ஸுக்கே உன் அண்ணன் சரி என்றுவிட்டார். பெரியத்தைக்கு மேசை, சித்தப்பாவுக்குக் கடைசிப் பாயசம் எல்லாம் சொல்லிவிடு. மலைக்கு வர இ-பாஸும் எடுத்தாயிற்று. இரண்டு வேன், ஒரு கார். கார் நம்முடையது இல்லை, யாருடையது என்று எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இடம் எது என்றெல்லாம் தெரியாது. உன்னைப் பார்க்கப் போகிறோம் என்பது மட்டும் தெரியும். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். நதியாவுக்கு என்று அடிவாரத்தில் ஒரு மர யானை வாங்கி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ராத்திரி அதற்குச் சக்கரம் உருளுகிறதா என்று உருட்டிப் பார்க்கிறார்.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது.

மதினி


கோடைக்கானல்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள மதினிக்கு,

மணிக்கட்டுக்கு உப்பு ஒத்தடம் கொடுங்கள். நான் இருந்தவரை நம் வீட்டுக்கு மச்சு கிடையாது. இப்போது கட்டியிருந்தால் சந்தோஷம்.

போன புதன்கிழமை இரண்டு பேர் தையல் கடைக்கு வந்திருக்கிறார்கள். சட்டை தைக்க வேண்டும் என்றார்களாம். கையில் துணி இல்லை. "ஜெயான்னு ஒரு பொண்ணு வருமே, எந்தெந்த நாள்ல வரும்?" என்று கேட்டிருக்கிறார்கள். மகாதேவி அக்கா, "எந்த ஜெயா? லைனிங் பிளவுஸ் ஜெயாவா, ஃபால்ஸ் தைக்கிற ஜெயாவா? இங்க மாசத்துக்குப் பத்து ஜெயா வருது. நீங்க துணியோட வாங்க, அளவெடுப்போம்" என்று அனுப்பிவிட்டார். இனி நான் அந்தக் கடைக்குப் போவதில்லை. உங்கள் கடிதங்கள் வேறு கை மாறி வரும், தாமதமாகும்.

வீட்டில் எங்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போக வேண்டாம் என்கிறேன் நான். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "மாமாவுக்கு எழுபது வயசு புள்ள. உங்கம்மாவத்தான் கடைசியா பாக்க முடியல. இவரயும் விட்டுட்டு அப்புறம் காலத்துக்கும் அழுவியா? போவோம். எனக்கு எலை போடலன்னாக்கூட வாசல்ல நின்னுக்குறேன்" என்கிறார். அப்படிச் சொல்லும்போது அவர் அந்தக் கையைத் தடவிக்கொண்டே சொல்கிறார். அவருக்கு அது தெரியவில்லை.

நதியா தாத்தாவிடம் காட்ட ஒரு பாட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் நான் முதலில் அவளைத்தான் தேடுகிறேன். நேற்று முருங்கைக்காய் விற்பவர் தட்டினார். அவளை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். விளையாட்டு என்று நினைத்து அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சின்னத்தாயி அக்கா இலைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறார். எத்தனை இலை என்று வீடு வீடாகப் பிரித்து எழுதுங்கள். நீங்கள் கணக்குப் போட்டால் ஒரு இலை கூடாது, குறையாது என்று அம்மா சொல்வார்கள்.

ஜெயப்பிரியா


பழனி
28 ஏப்ரல் 2025

அன்பு ஜெயா,

எல்லோரும் சுகம். கை தேறிவிட்டது. குட்டியின் பாட்டைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

காலை எட்டு மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறோம். மதியம் பன்னிரண்டரைக்குப் பந்தி. சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், இரண்டு கூட்டு, மெது வடை, அப்பளம், பருப்புப் பாயசம். அப்பளம் பொரித்துக் காற்றாட வைக்கச் சொல். மலைக் குளிருக்கு நமுத்துப் போகும். பிள்ளைகளுக்கு இலைக்குப் பதிலாகத் தட்டு என்பார்கள், வேண்டாம், அவர்களுக்கும் இலையே போடட்டும்.

இலைக் கணக்கு கேட்டாய். வீட்டில் அப்பா, நான், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக நான்கு. பெரியத்தை வீட்டில் ஒன்பது. சித்தப்பா வீட்டில் பதினொன்று. கன்னிவாடியிலிருந்து எங்கள் வீட்டு ஆட்கள் ஆறு. கடையில் வேலை பார்ப்பவர்கள் ஐந்து. நீங்கள் மூன்று பேர். ஆக மொத்தம் முப்பத்தெட்டு இலை. நாற்பதுக்கு மேல் ஆள் வருகிறதே என்று சின்னத்தாயி கேட்டால், காரில் வருகிற ஐந்து பேருக்கும் இலை இல்லை என்று சொல்.

கணக்கைக் கூட்டிப் பார்த்துக்கொள். இரண்டு முறை கூட்டிப் பார்.

வாழை இலை மலையில் கிழிசலாக வருமாம். வேண்டுமானால் இங்கிருந்து கொண்டு வருகிறோம்.

உன் மதினி சுந்தரி


கோடைக்கானல்
6 மே 2025

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே நலம்.

சின்னத்தாயி அக்காவிடம் முப்பத்தெட்டு இலைக்குச் சொல்லியாயிற்று. அப்பளம், மேசை, கடைசிப் பாயசம் எல்லாம் சொல்லிவிட்டேன். இலை இங்கேயே நல்லதாகக் கிடைக்கிறது.

இலைக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். நீங்கள் போட்ட கணக்கு சரி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்துவிடுகிறோம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் மதினி. கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயப்பிரியா


பழனி
24 மே 2025

ஜெயப்பிரியாவுக்கு,

இங்கு நலமில்லை. அன்று நீங்கள் வராததால் அப்பாவின் மனம் உடைந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் படுக்கையில் இருக்கிறார். டாக்டர் கைவிரித்துவிட்டார். பேச்சு இல்லை. தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. உன் பெயரை மட்டும் சொல்கிறார். தாயின் முகத்தைத்தான் பார்க்கவில்லை, தகப்பனின் முகத்தையாவது உயிரோடு பார். உடனே புறப்பட்டு வா. உன் கணவரையும் அழைத்து வா. அவரையும் பார்க்க வேண்டும் என்கிறார். பஸ் நிலையத்துக்குக் கார் அனுப்புகிறோம். எந்த பஸ், எத்தனை மணி என்று எழுது.

எனக்குச் சமையல் சோலியே ஓயவில்லை. வழக்கம்போல மதியம் ஐந்து இலை போட்டு எடுக்கிறேன்.

சண்முகசுந்தரி


கோடைக்கானல்
30 மே 2025
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் ஜெயப்பிரியா எழுதுகிறேன். ஆறு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நம்பிக்கைக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மே 11 அன்று நாங்கள் மெஸ்ஸுக்கு வரவில்லை. மதினியின் இலைக் கணக்கில் அண்ணனுக்கும் அவரோடு காரில் வந்த நான்கு பேருக்கும் இலை இல்லை. நம் வீட்டில் கை நனைக்காமல் வருகிறவர் எதற்கு வருவார் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். பாச்சலூருக்கு வந்த அன்று என் வீட்டுக்காரரின் அம்மா ஜக்கம்மாள் அத்தை கொடுத்த தண்ணீரை அண்ணன் வாங்கிக் குடிக்கவில்லை. சொம்பைத் தட்டிவிட்டார். அதன் பிறகுதான் அடி விழுந்தது.

கணக்கை நான் என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "அஞ்சு பேருக்குமா இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய் ஜீப்புக்கு டீசல் போட்டு வந்தார். அன்று நாங்கள் எங்கே இருந்தோம் என்று எழுதவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு நதியா, "இப்ப தாத்தா சாப்புடுவாரா?" என்று கேட்டாள். அதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் படுக்கையில் கிடப்பதாகவும் தண்ணீர் இறங்கவில்லை என்றும் கடிதம் வந்திருக்கிறது. எழுத்து மதினியுடையது. பேச்சு அவருடையது இல்லை. கடைசி இரண்டு வரிதான் அவருடையது. தினமும் ஐந்து இலை போடுவதாக எழுதியிருக்கிறார். வீட்டில் இருப்பது ஐந்து பேர். தண்ணீர் இறங்காதவருக்கு யாரும் இலை போட மாட்டார்கள்.

இருந்தாலும் பயமாக இருக்கிறது அப்பா. ஐந்து இலையை நான் தப்பாகப் படித்திருந்தால் என்ன செய்வேன்? ஐந்தாவது இலை வேறு யாருக்காவது போட்டதாக இருந்தால்? மூன்று நாளாகப் பையை எடுத்து வைத்து வைத்துப் பிரிக்கிறேன். அம்மா இறந்த செய்திக் கடிதம் பதினாறாம் நாளுக்குப் பிறகு வந்தது. இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது.

இந்த அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அது போதும்.

உங்கள் மகள்


பழனி
12 ஜூன் 2025

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு,

அப்பா வேலுச்சாமி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். ஐந்தாவது இலை என்னுடையதுதான்.

உன் கடிதம் 3-ஆம் தேதி கடைக்கு வந்தது. தபால்காரர் என் பெயரைச் சொன்னதும் உன் அண்ணன் முருகவேல் கையை நீட்டினான். "இது ஆளு நேர்ல கையெழுத்துப் போடணும்ணே" என்று தபால்காரர் கொடுக்கவில்லை. அட்டை உனக்கு வந்திருக்கும். நின்றுகொண்டே போட்டதால் கையெழுத்து கோணிவிட்டது, நோயால் இல்லை.

மே 11 அன்று நடந்ததை எழுதுகிறேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பந்தி போட்டார்கள். முப்பத்தெட்டு இலை. என் இலைக்குப் பக்கத்தில் மூன்று இலை காலியாக இருந்தது. எல்லா இலையிலும் பரிமாறிவிட்டார்கள், அந்த மூன்றிலும்கூட. நான் தொடவில்லை. நீ வருகிறாயா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முருகவேலைத் தேடினேன். அவன் பந்தியில் இல்லை. சமையல்கட்டுப் பக்கத்து வாசலில் அவனும் இரண்டு பேரும் நின்றார்கள். முன் வாசலில் இரண்டு பேர். அவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏலே, ஏன் நிக்கிற? கை கழுவிட்டு வந்து உக்காரு" என்றேன்.

"பசியில்லப்பா."

"அஞ்சு பேருக்கும் பசியில்லையா?"

சித்தப்பா வடையைப் பிட்டு வாயில் வைக்கப் போனவர் அப்படியே இலையில் வைத்துவிட்டார். சுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையில் வளையல் இல்லாத இடத்தில் இன்னும் கறுப்புத் தழும்பு இருந்தது. அதை நான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மச்சுப் படியில் விழுந்தாள் என்றார்கள். படி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதை நீ மதினிக்கு எழுதிக் கேட்டிருக்கிறாய்.

எழுந்து வெளியே போய்க் காரின் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றான். கடைத்தெருவில் சத்தம் போடுவேன் என்றேன். திறந்தான். பார்த்தேன். அதில் இருந்ததை எழுத மாட்டேன். நான் பெற்றவன்.

யாரும் சாப்பிடவில்லை. அந்தச் சின்னத்தாயி அம்மாள் மட்டும் வந்து, "அய்யா, வராத மூணு எலைய நான் எடுக்கவா?" என்று கேட்டது. வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று மூன்றையும் என் கையால் மடித்தேன்.

அவன் உன் மதினியைக் கேட்காத கேள்வி இல்லை. யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று. அவளுடைய கடிதங்களை ஒட்டியவனே அவன்தான். இலைக் கணக்கு வந்த பக்கத்தைப் பொம்பளைச் சோலி என்று படிக்காமல் மடித்திருக்கிறான். இன்னும் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கும் முன்னால், 5-ஆம் தேதி, சுந்தரியையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் கூட்டிப் போய்க் கன்னிவாடியில் அவளுடைய அம்மா வீட்டில் விட்டுவிட்டேன். மறுநாள் காவல் நிலையத்தில் என் மகன் பெயரில் நானே மனு எழுதிக் கொடுத்தேன். அதன் ரசீது நகல் இத்துடன் இருக்கிறது, வைத்துக்கொள். எழுதிக்கொண்ட ஏட்டு, "சொந்தப் புள்ள மேலயாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். அவன் எங்கே போகிறான், யார் காரில் போகிறான் என்று பார்க்க ஒருத்தர் வேண்டும். இப்போது வீட்டில் இரண்டு இலைதான். அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், நன்றாகவே சாப்பிடுகிறான். எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கடைப் பெட்டியில் போடவில்லை. தபால் ஆபீஸுக்கு நடந்து வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் கையை நான் கேட்டதாகச் சொல். நதியாவின் மர யானை என்னிடம் இருக்கிறது, பார்சல் அனுப்பவில்லை. பார்சலுக்கும் பின்னால் ஆள் வரும்.

நீ கீழே வராதே அம்மா. எனக்கு முடியவில்லை என்று எழுதினாலும் வராதே. நான் இறந்துவிட்டேன் என்று எழுதினாலும் வராதே. நான் ஒருநாள் வந்து உன் வீட்டில் கை நனைப்பேன். தனியாக வருவேன், பகலில், பஸ்ஸில். வந்து அந்தத் தையல் கடை வாசலில் யானையோடு நிற்பேன். எந்த நாள் என்று முன்கூட்டி எழுத மாட்டேன். வருகிறேன் என்று என் கையெழுத்தில் கடிதம் வந்தால், வருவது நான் இல்லை.

உன் அப்பா,
வேலுச்சாமி